மஞ்சள் துணிக்குள் வில்லியம்

அக்கா, அந்தச் சத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். போன அக்டோபரில், இருட்டிய பிறகு, எங்கள் வீட்டுப் பின்னால் கேட்டது. கோழிக்குஞ்சைக் கையில் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் ஒரு கீச்சு வருமே, அது மாதிரி. ஒரு கீச்சு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு இரண்டு கீச்சு. இந்தத் தெருவில் யார் வீட்டிலும் கோழி இல்லை. பாப்பாவுக்கு அப்போது மூன்று மாதம். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படி ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். யாரோ குனிந்தபடி புல்லின் மேல் ஒரு கம்பை வீசி வீசி நடந்துகொண்டிருந்தார்கள். கம்பின் முனையில் தட்டு. காதில் மாட்டுகிற ஏதோ கழுத்தில் தொங்கியது.

பார்த்தால் என் வீட்டுக்காரர்.

"என்னங்க, என்ன இது?" என்றேன்.

"வா வா. செருப்பக் கழட்டிட்டு வா."

ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்றேன். தட்டை என் பாதத்துக்கு மேல் கொண்டுவந்தார். கீச்சென்றது. "பாத்தியா, மெட்டி. வெள்ளிக்கு இந்தக் குரல்தான். இரும்புன்னா உறுமும், வெள்ளின்னா பாடும்" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்து நாளாகியிருந்தது. பழகிப் பார்க்க வேண்டும், இரண்டு மெட்டியையும் கொடு என்றார். சோப்புப் போட்டுக் கழற்றிக் கொடுத்தேன். தோட்டத்தில் புதைத்தார், தேடினார். ஒன்று கிடைத்தது. இன்னொன்றை நாளை வெளிச்சத்தில் எடுத்துவிடலாம் என்றார். மறுநாள் மழை. அதற்கு மறுநாளும் மழை. இந்த ஊரில் அப்படித்தானே. ஒற்றைக் காலில் மெட்டி போட்டால் நன்றாயிருக்காது என்று கிடைத்ததையும் அவர் பழகுவதற்கே கொடுத்துவிட்டேன்.

என்னை உங்களுக்கு நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். இன்று மதியம் பஸ்ஸில், தள்ளுவண்டியோடு உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள். வண்டிக் கைப்பிடியில் இருந்த மஞ்சள் முடிச்சைப் பார்த்துவிட்டு நீங்கள்தான் கேட்டீர்கள்: "என்ன பிள்ளை, நேர்த்தியோ? எந்தக் கோயிலுக்கு?" வெள்ளைக்காரர்கள் அதைப் பொம்மை என்று நினைப்பார்கள். ஒன்றரை வருஷத்தில் இந்த ஊர் பஸ்ஸில் என்னிடம் தமிழில் பேசியது நீங்கள் ஒருவர்தான். சமயபுரம் என்றேன். நான் திருச்சி என்றேன். "வீட்டில எல்லாரும் சுகமோ?" என்றீர்கள். சுகம் என்றேன். நீங்கள் என் விரலைப் பார்த்தீர்கள். பார்த்ததை நானும் பார்த்தேன். இறங்கும்போது, பாப்பாவைத் துடைக்கிற ஈரத்தாள் பாக்கெட்டின் மேல் நம்பரை எழுதி, "எந்த நேரமெண்டாலும் எடும்" என்றீர்கள்.

சுகம் என்று சொன்னது பொய் இல்லை. இரண்டு நிறுத்தத்துக்குள் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுதினால் பாப்பா எழுந்திருக்க மாட்டாள். இப்போது மணி ஒன்றேகால். அவர் வயலுக்குப் போயிருக்கிறார், நாலு மணிக்குத் திரும்புவார். வந்ததும் அந்த முடிச்சை அவிழ்க்கப் போகிறார். அவிழ்க்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

அவர் பெயர் விசாகன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. குடி கிடையாது. இந்த ஊருக்கு முதலில் அவர் மட்டும் வந்து ஒரு வருஷம் தனியாக இருந்தார். அப்போது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கிழவரிடம் வெள்ளிக் காசு ஒன்று வாங்கினார். இந்த நாட்டை ஆண்ட எட்வர்ட் ராஜாவின் காசு, முதலாம் எட்வர்ட். எழுநூறு வருஷத்துக்கு முந்தையது. நம் ஊர் ஒரு ரூபாயைவிடச் சின்னது, வெற்றிலை மாதிரி மெல்லிசு. அன்றைக்குப் பிடித்ததுதான். நான் வந்து சேர்ந்தபோது வீட்டில் கட்டில் வருவதற்கு முன்பே காசு வைக்கிற தட்டு வந்திருந்தது.

தட்டு என்றால் மரத்தட்டு. உள்ளே பச்சை வெல்வெட், அதில் வட்டமாகப் பதினெட்டுக் குழி. முதலாம் வில்லியத்தில் தொடங்கி மூன்றாம் ரிச்சர்டில் முடிகிற பதினெட்டு ராஜாக்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குழி. சபரிமலைக்குப் பதினெட்டுப் படி மாதிரி இருக்கே என்றேன். "அதுல ஏறுனா சாமி. இதுல ஏறுனா சரித்திரம்" என்றார். அவருக்கு இப்படிப் பேசப் பிடிக்கும்.

அந்த முதல் மாதங்கள் நன்றாகத்தான் இருந்தன அக்கா. காசில் எழுத்து லத்தீனில் இருக்கும். பாதி தேய்ந்திருக்கும். அவருக்குப் படிக்க வராது. எனக்கு வந்தது. நான் கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம். சிஸ்டர் டொமினிக்கா, குரல் இருக்கிற பிள்ளைகளை எல்லாம், இந்துப் பிள்ளை கிறிஸ்தவப் பிள்ளை என்று பார்க்காமல், பாட்டுக் குழுவில் சேர்த்துவிடுவார். அர்த்தம் தெரியாமலே லத்தீன் பாட்டு அத்தனையும் தெரியும். ரெக்ஸ் என்றால் ராஜா என்று அதில் தெரிந்துகொண்டதுதான். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நான் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வார். "எங்க மாமனார் கட்டுன ஃபீஸ் வீண் போகல" என்று ஃபோனில் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ரிச்சர்ட் குழிக்கு என்று ஒரு காசு வந்தது. சிங்க நெஞ்சன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த ரிச்சர்ட். நான் படித்துப் பார்த்தேன். ஹென்றி என்று இருந்தது. ஏமாற்றிவிட்டான் என்று அவர் குதித்தார். பிறகு புத்தகத்தைப் புரட்டினால், அப்படித்தானாம். அப்பா ஹென்றி செத்த பிறகு ரிச்சர்ட் ராஜா, அவன் செத்த பிறகு தம்பி ஜான் ராஜா. இந்த நாட்டில் அடித்த காசில் மட்டும் கடைசிவரை அப்பா பெயரே. யாரும் மாற்றவில்லை. முடிச் சுருளையும் எழுத்தின் வாலையும் வைத்துத்தான் யாருடைய காலம் என்று சொல்ல முடியுமாம்.

"ஊர்ல நம்ம வீட்டு கரண்ட் பில் மாதிரி. அப்பா போயி ஒம்பது வருஷமாச்சு, இன்னும் கே. பஞ்சாபகேசன்னுதான் வருது" என்றார்.

அன்றைக்கு இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம். எழுதும்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன், அதற்குப் பிறகு சேர்ந்து சிரித்ததாக வேறு ஒன்று நினைவுக்கு வரவில்லை. வந்திருக்கும். எனக்கு மறதி.

என் மேல் தவறு இல்லாமல் இல்லை. எட்வர்ட் காசு கன்னங்கரேலென்று இருந்தது. அவர் பிறந்தநாளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, அவர் வேலைக்குப் போனதும் எல்லாக் காசையும் எடுத்து விபூதி போட்டுத் தேய்த்தேன். அம்மா வீட்டில் குங்குமச்சிமிழ், சந்தனக்கிண்ணம் எல்லாம் அப்படித்தான் தேய்ப்போம். கையெல்லாம் கறுப்பாக வந்தது. காசு கல்யாணப் பாத்திரம் மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது. எனக்கு அவ்வளவு பெருமை. அவர் வந்து தட்டைத் திறந்தார். பார்த்தார். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கறுப்புதான் காசாம் அக்கா. எழுநூறு வருஷக் கறுப்பு. அது போனால் பாதி மதிப்பு போயிற்றாம். எனக்கு யார் சொன்னார்கள்? மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசினார்.

அவர் அடிக்கிற ஆள் இல்லை. அதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கு அலமாரிக் கதவைத்தான் அறைந்து சாத்தினார், என் கை அங்கே இருந்தது அவருக்குத் தெரியாது. நகம் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

பிறகு பாப்பா பிறந்தாள். ஆதிரை. அவளை மடியில் வைத்துக்கொண்டு ராஜாக்களின் கதை சொல்லுவார். முதலாம் ஹென்றி என்று ஒருவன், காசு அடிக்கிறவர்கள் வெள்ளியில் கலப்படம் செய்கிறார்கள் என்று, எல்லாரையும் கிறிஸ்துமஸுக்கு வரச்சொல்லி வலது கையை வெட்டினானாம். காசின் பின்பக்கத்தில் அடித்தவன் பெயரும் ஊரும் இருக்கும். அதனால் எந்தக் கை என்று ராஜாவுக்குத் தெரியும். "பேரு போட்டு வேல செஞ்சா அதான் வசதி" என்பார். பாப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பதினெட்டில் பன்னிரண்டு குழி நிரம்பியது. மீதியை வாங்கக் கட்டுப்படியாகாது. ஐந்தாம் எட்வர்ட் என்று ஒரு பையன், பன்னிரண்டு வயது, இரண்டு மாதமோ என்னவோ ராஜாவாக இருந்தான், பிறகு காணாமல் போய்விட்டான். அவன் குழி எப்போதும் காலிதான், உலகத்திலேயே யாரிடமும் சரியாகக் கிடையாது என்றார். அது அவருக்குக் கவலை இல்லை. இரண்டாவது குழிதான் கவலை. முதல் வில்லியத்தின் மகன், இரண்டாம் வில்லியம். காட்டில் வேட்டையாடும்போது அம்பு பட்டுச் செத்தவன். முதல் குழி நிரம்பி, மூன்றாவது நிரம்பி, நடுவில் இரண்டாவது காலியாக இருந்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறதாம். அதற்குத்தான் மண்ணுக்குள் உலோகம் தேடுகிற அந்தக் கருவி வாங்கியது.

முதலில் எல்லாம் முறைப்படித்தான். தேடுகிறவர்களுக்கு ஒரு மன்றம் இருக்கிறது, பெர்சிவல் என்பவர் தலைவர். வயல்காரரிடம் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பகலில் கூட்டமாகப் போவார்கள். கிடைத்தால் வயல்காரருக்குப் பாதி. பொத்தானும் ஆணியும்தான் கிடைத்தன. பிறகு அவர் தனியாகப் போக ஆரம்பித்தார். பிறகு ராத்திரியில். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வயல், அந்தக் காலத்தில் அங்கே சந்தை கூடியதாம். "அனுமதி கேட்டீங்களா?" என்றேன். "கேட்டா குடுக்க மாட்டான்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. விசா அவர் பெயரில் இருக்கிறது. போலீஸ் வந்தால் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான். என் பாஸ்போர்ட்டை அவர்தான் பூட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

ஜனவரி கடைசியில் ஒரு விடிகாலை, சேற்றோடு மாடிக்கு ஏறி வந்து என்னை எழுப்பினார். உள்ளங்கையில் ஒரு காசு. "படி" என்றார். அடித்தொண்டை. P மாதிரி ஒரு எழுத்து, அப்புறம் ஐ, எல், எல். அந்தக் காலத்தில் வில்லியத்தை அப்படித்தான் எழுதுவார்கள், ரெக்ஸ் என்றும் இருந்தது. படித்துச் சொன்னேன். அப்பாவா மகனா என்று புத்தகத்தில் கிரீடத்தையும் தோளுக்குப் பக்கத்தில் இருந்த நட்சத்திரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மகன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாப்பா பிறந்தபோது வந்ததா என்று எனக்குத் தெரியாது, நான் மயக்கத்தில் இருந்தேன்.

நடுவில் இன்னொன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. ஒரு தடவை மலிவாக ஒரு காசு வாங்கினார். வந்து பார்த்தால் நடுவில் வளைந்திருந்தது. விற்றவன் சொல்லவில்லை. அப்போது புத்தகத்தில் இருந்ததை அவரே எனக்குப் படித்துக் காட்டினார். இந்த ஊரில் அந்தக் காலத்தில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், ஒரு காசை எடுத்து, பிள்ளைக்கு மேலே பிடித்து, புனிதர் பெயரைச் சொல்லி வளைப்பார்களாம். வளைத்த காசைச் செலவழிக்கக் கூடாது. அந்தப் புனிதரின் கோயிலுக்குத்தான் போக வேண்டும்.

"நாம மஞ்சத்துணில முடியிற மாதிரிங்க" என்றேன்.

"லூசுங்க. எல்லா ஊர்லயும் லூசுங்க" என்றார். இரண்டு மரக்கட்டைக்கு நடுவில் வைத்து, குறடால் அதை நிமிர்த்தினார். இரண்டாக உடைந்தது. குப்பையில் போட்டார். எந்தப் பிள்ளைக்காக யார் வளைத்ததோ என்று எனக்கு அன்று முழுக்கச் சாப்பிட முடியவில்லை. அந்தப் பிள்ளை செத்து ஐந்நூறு வருஷம் ஆகியிருக்கும். அது வேறு.

போன புதன்கிழமை பாப்பாவுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்தேன், தணிந்தது. ஒன்பது மணிக்கு அவர் கிளம்பினார். "நெத்தி சுடுதுங்க" என்றேன். "எல்லாப் பிள்ளைக்கும் சுடும். செவ்வாய்க்கெழம விதைக்கப் போறாங்களாம், அப்புறம் வயல்ல கால் வைக்க முடியாது" என்றார். வயலில் அவர் ஃபோனை அணைத்துவிடுவார், வெளிச்சம் தெரியும் என்று.

பதினொன்றரைக்கு அவளுக்கு வலிப்பு வந்தது அக்கா. கண் மேலே போய்விட்டது. கை கால் இழுத்தது. உதடு நீலம். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வருகிறோம், பக்கவாட்டில் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள் என்று ஒரு பெண் அமைதியாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். இழுப்பு நின்றது, ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை. அவருக்கு அடித்தேன். அணைத்திருக்கிறது என்றது.

எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். புடவைத் தலைப்பைக் கிழித்தேன். மஞ்சள்பொடி டப்பாவை அப்படியே கவிழ்த்தேன். காசு வேண்டுமே. இந்த ஊரில் யாரிடம் காசு இருக்கிறது? எல்லாம் அட்டைதான். என் பையில் ஒரு பென்னி கிடையாது. மேஜை மேல் தட்டுத் திறந்திருந்தது. கையில் வந்ததை எடுத்தேன். முடியப் போனேன். அப்புறம் எனக்கு ஒன்று தோன்றியது. சமயபுரம் ஐயாயிரம் மைல். அம்மாள் இந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பாள், அங்கே விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. இங்கே இருக்கிறவர்கள் யாராவது முதலில் கேட்கட்டும். காசை அவள் நெஞ்சுக்கு மேலே பிடித்தேன். புனிதர் யார் பெயரும் வாயில் வரவில்லை, கான்வென்ட் சிற்றாலயத்தில் இருந்த மாதாவின் முகம்தான் வந்தது. மாதாவே என்று சொல்லி, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். அப்பளம் மாதிரிதான் இருந்தது. வளைந்தது. ஓரத்தில் மெல்லிசாக ஒரு விரிசல். அப்புறம் சமயபுரத்தாளே என்று மஞ்சள் துணியில் முடிந்தேன். மூன்று முடிச்சு. இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். முடிச்சு இறுகியபோது பாப்பா அழுதாள். அந்தப் பெண் ஃபோனில், "நல்லது, அழுவது ரொம்ப நல்லது" என்றாள்.

காய்ச்சலில் வருகிற வலிப்புதான், பயப்பட ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பா எங்கே என்று கேட்டார்கள். வேலையில் என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள். அவர் வேலை பார்ப்பதே அங்கேதான், அதனால் வேறு ஓர் ஊர் பெயரைச் சொன்னேன். அந்த நர்ஸ் எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குப் பொய் வராது.

வெள்ளிக்கிழமை அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். "முடிஞ்ச காச உண்டியல்லதான் அவுக்கணும்டி, நடுவுல அவுத்தா பிள்ளைக்கு ஆகாது. எப்ப வர்றீங்க?" என்றாள். எந்தக் காசு என்று நான் சொல்லவில்லை. வைக்கும்போது, "மாப்பிள்ளைக்குக் கோவம் வராம நடந்துக்கோ" என்றாள். எப்போதும் அப்படிச் சொல்லித்தான் வைப்பாள்.

அன்றிரவு அவர் திரும்புவதற்குள் வந்து தட்டை மூடிவிட்டேன், அவரும் பிறகு அதைத் திறக்கவில்லை; ஆனாலும் அந்த முடிச்சை வீட்டில் விட்டுப் போகப் பயமாயிருந்தது. அதனால்தான் இன்று டாக்டரிடம் போகும்போது வண்டியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் தட்டைத் திறந்தார். நாளைக் காலை பத்து மணிக்கு அந்தப் பெர்சிவல் வீட்டுக்கு வருகிறார், வில்லியத்தைப் படம் எடுக்க. பழைய தொகுப்பிலிருந்து வாங்கியதாக அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார். இரண்டாவது குழி காலி.

"ஹேமா, வில்லியம் எங்க?"

சொன்னேன். எங்கே என்று மட்டும் சொன்னேன். வளைத்ததைச் சொல்லவில்லை.

அவர் முதலில் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "அம்மனுக்கு வில்லியம் யாருன்னு தெரியுமாடி? பத்து பென்ஸ் வச்சுக் கட்டு. ராஜா தலதான் வேணும்னா அதுலயும் ஒண்ணு இருக்கு."

"இந்தக் காசத்தான் வேண்டி முடிஞ்சேன்."

"அது தொள்ளாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள கெடந்துச்சு. நாந்தான் எடுத்தேன்."

"ஊருக்குப் போறப்ப உண்டியல்ல போட்டுடலாங்க."

"உண்டியல்ல." அந்த ஒரு சொல்லைத் திருப்பிச் சொன்னார். பிறகு சிரிக்கவில்லை. "குடு" என்று கையை நீட்டினார்.

முடிச்சு என் கைக்குள் இருந்தது. பாப்பா இடுப்பில் இருந்தாள். நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன் அக்கா. எதிர்த்துப் பேசவில்லை. திரும்பிக்கொண்டேன், அவ்வளவுதான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அப்படி ஒரு தடவை செய்ததில்லை.  பின்னால் அவர் மூச்சு கேட்டது.  

"சரி" என்றார். "கடைசி ராத்திரி, நான் போயிட்டு வந்துடறேன். வந்து நானே அவுத்துக்கறேன். நீ தூங்கு. பாப்பாவக் கீழ் ரூம்ல படுக்க வை, அவ எதுக்கு முழிச்சுக்கணும்."

நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். குரலே உயரவில்லை. போகும்போது என் ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் போனார், அவ்வளவு அக்கறை.

எனக்கு இருக்கிற பயமெல்லாம் ஒன்றுதான். அவிழ்த்துப் பார்ப்பார். வளைந்திருக்கும். அவருக்கு வளைந்ததை அப்படியே விடத் தெரியாது. குறடை எடுப்பார். ஏற்கெனவே விரிசல் இருக்கிறது, உடையும். உடைந்தால் பாப்பாவுக்கு மறுபடியும் வரும். அதைத்தான் யோசிக்கிறேன். என்னை என்ன செய்வார் என்று யோசிக்கவில்லை. யோசிக்கப் போனால் மனம் அங்கே போகமாட்டேன் என்கிறது, மரத்துப்போன காலை ஊன்றுகிற மாதிரி இருக்கிறது. பாப்பாவை ஏன் கீழே படுக்க வைக்கச் சொன்னார் என்று மட்டும் ஒரு தடவை தோன்றியது. அவள் தூக்கம் கெடக் கூடாது என்றுதான்.

நான் அவளைக் கீழே படுக்க வைக்கவில்லை.

இந்த வீட்டு வாசல் கதவுக்கு உள்பக்கம், மேலே, ஒரு இரும்புத் தாழ்ப்பாள் இருக்கிறது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அதன் மேலேயே வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். அவர் சாவி போட்டுத் திறந்து வருகிறவர், அதனால் இத்தனை நாளில் அதைத் தொட வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு நாற்காலி போட்டு ஏறினேன். கரண்டிக் காம்பால் பெயின்ட்டைச் சுரண்டினேன். பாப்பா தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெயை ஊற்றி ஊற வைத்தேன். அது ஊறட்டும் என்றுதான் உட்கார்ந்து இதை எழுதினேன். பின்கதவின் சாவி உள்ளேயே இருக்கிறது, அதைப் பூட்டியாயிற்று.

இப்போது மூன்றாகப் போகிறது. அவர் வெளியே நிற்க வேண்டிவரும். வண்டியில் ஹீட்டர் இருக்கிறது, ஒரு கம்பளியும் கிடக்கிறது. காலையில் கோபம் தணிந்திருக்கும். தணியாவிட்டாலும் பத்து மணிக்குப் பெர்சிவல் வந்துவிடுவார், வெளியாள் முன்னால் அவர் ரொம்ப மரியாதையானவர்.

இந்தப் பக்கங்களைப் படமெடுத்து உங்கள் நம்பருக்கு இப்போதே அனுப்பிவிடுகிறேன். தூங்கிக்கொண்டிருப்பீர்கள். எழுந்ததும் பாருங்கள். வீட்டு விலாசத்தைக் கடைசிப் பக்கத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன். வர முடிந்தால் வாருங்கள், வர முடியாவிட்டால் ஒன்றுமில்லை. வந்தால் மணி அடிக்க வேண்டாம், அவரும் மணிதான் அடிப்பார். தபால் விழுகிற துவாரத்தில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பஸ்ஸில் கேட்க மறந்துவிட்டேன்.

அனுப்புவதற்குள் இதையும் சேர்க்கிறேன்: தெருமுனையில் ஒரு வண்டி திரும்புகிற வெளிச்சம் கூரையில் ஓடியது. நாலு ஆகவில்லை. வேறு யாராவது இருக்கலாம் என்று நினைத்தேன். பாப்பாவை இடது கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியில் ஏறினேன். முடிச்சு அவள் சட்டைக்குள் இருக்கிறது. வண்டி எங்கள் வீட்டு முன்னால்தான் நின்றது. தாழ்ப்பாள் முதலில் அசையவில்லை. உள்ளங்கையால் குத்தினேன். இரண்டாவது குத்தில் நகர்ந்தது. மூன்றாவதில் சட்டத்துக்குள் முழுசாகப் போய் உட்கார்ந்தது.